ஐந்து விரல் இலை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம். சாம்பார் சாதம் தந்த மயக்கத்தில் சோபாவில் சாய்ந்திருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் மேகா பின்கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். கையில் போன். முகம் வெளிறிப் போயிருந்தது.

“அம்மா, டோன்ட் பேனிக்... பின்னாடி ஒரு செடி வளக்கறீங்கல்ல? அது கஞ்சா.”

நீங்களே சொல்லுங்கள். ‘டோன்ட் பேனிக்’ என்று ஒருவர் ஆரம்பித்த பிறகு பேனிக் ஆகாமல் யாராவது இருந்திருக்கிறார்களா?

நாங்கள் இருப்பது ஷார்ஜாவில், ஒரு பழைய வில்லாவின் பின்பகுதியில். சமையலறைக்கு வெளியே, மதில் ஓரமாக, ஒரு கட்டில் அகலத்துக்கு மண் உண்டு. மண் என்று சொன்னது ஒரு மரியாதைக்குத்தான். சுத்தமான மணல்! அதில்தான் என் விவசாயம்.

அந்தச் செடி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். எதிர் வில்லாவில் இருந்த பாரதி அக்கா விசா கேன்சல் செய்து கோயம்புத்தூருக்கே போய்விட்டார். இங்கே யார் ஊரைக் காலி செய்தாலும் அவர்கள் குடித்தனம் அக்கம்பக்கத்துக்குப் பங்கு பிரியும். இட்லிக் குண்டான் ஒருவருக்கு, அயர்ன் டேபிள் ஒருவருக்கு, பாதி தீர்ந்த பெருங்காய டப்பாகூட ஒருவருக்கு. எனக்கு வந்தது ஒரு ஜாம் பாட்டில் நிறைய விதைகள். மேலே பேர் கிடையாது, ஒன்றும் கிடையாது.

“எல்லாம் கலந்துதான் கிடக்குது ரேவதி. தூவி விடு. வர்றது வரட்டும்” என்றார் பாரதி அக்கா.

வெயில் தணிந்ததும் தூவினேன். என்னென்னவோ முளைத்தன. முளைத்த வேகத்தில் கருகின. ஒன்றே ஒன்று மட்டும் பிடிவாதமாக நிமிர்ந்தது. இந்த மணலில் நம்மை நம்பி நிமிர்கிற ஒரு செடியைப் பிடுங்க யாருக்கு மனசு வரும்? ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரை பக்கெட்டில் பிடித்து அதற்கு ஊற்றினோம்.

ஊற்றினோம் என்று பன்மையில் சொல்லக் காரணம் செல்வம். எங்கள் காம்பவுண்டில் இருக்கும் நான்கு வில்லாக்களையும் பெருக்கி, தண்ணீர் ஊற்றி, பார்த்துக்கொள்பவர். முதுகுளத்தூர் பக்கம். அர்பாப் — வீட்டுச் சொந்தக்காரரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம் — கொடுத்த விசாவில் வந்து ஆறு வருஷமாக கேட் பக்கத்து ரூமில் இருக்கிறார்.

“இது என்ன செடின்னு எனக்கும் தெரியலக்கா. எங்க பக்கம் மிளகாயும் பருத்தியும்தான். ஆனா இப்படி நெட்டுக்குத்தலாப் போனா காத்துல ஒடிஞ்சிரும். நுனியைக் கிள்ளி விட்டுருவோம்” என்றார்.

கிள்ளினார். பக்கவாட்டில் கிளைகள் வந்தன. என் பழைய சுடிதார் நாடாக்களைக் கேட்டு வாங்கி, கிளைகளை மெதுவாக வளைத்து, நாலு பக்கமும் செங்கல்லில் இழுத்துக் கட்டினார். கொஞ்ச நாளில் செடி குடை மாதிரி விரிந்தது. பெருமை தாங்குமா எனக்கு? போட்டோ எடுத்து ‘பாலைவனத்தில் என் பசுமை’ என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இதயமாக வந்து குவிந்தது.

அந்தச் செடியைத்தான் மேகா ஸ்கூல் ப்ராஜெக்டுக்காக போட்டோ எடுத்து, செடிகளை அடையாளம் சொல்லும் ஆப்பில் போட்டிருக்கிறாள். ஐந்து விரல் மாதிரிப் பிரிந்த இலை. ஓரமெல்லாம் ரம்பப் பல். ஆப்புக்குச் சந்தேகமே இல்லை.

என் வீட்டுக்காரர் எதையும் மூன்று தடவை சரிபார்ப்பவர். மூன்று கோணத்தில் மூன்று போட்டோ எடுத்தார். மூன்று தடவையும் அதே பதில்.

இந்த ஊரில் அந்த இலை ஒன்று பையில் இருந்தாலே என்ன ஆகும் என்று வளைகுடாவில் இருக்கிற சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஜெயில். அதற்குப் பிறகு ஊர். மறுபடி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. நாங்கள் இடுப்பளவுக்கு ஒரு முழுச் செடி வைத்திருந்தோம்!

“தானா முளைச்சதுன்னு சொல்லிடலாம்” என்றேன்.

அவர் தன் போனை என் பக்கம் திருப்பினார். எங்கோ வெளிநாட்டில், சட்டம் அனுமதிக்கிற ஊரில், ஒரு தாடிக்காரர் தன் வீட்டுத் தோட்டத்தில் கஞ்சா வளர்த்துக்கொண்டிருந்தார். நுனியைக் கிள்ளுகிறார். கிளைகளை வளைக்கிறார். நாலு பக்கமும் இழுத்துக் கட்டுகிறார். அப்படியே செல்வம் செய்ததுதான்!

“பாரு. நல்லா பாரு. நம்ம செடி இந்த வீடியோவுக்கு மாடலா நிக்கற மாதிரி நிக்குது. தானா முளைச்ச செடிக்கு நாடா கட்டினது யாருன்னு கேட்டா என்ன சொல்லுவ?”

எங்கள் அக்கறைதான் எங்களுக்கு எதிரான சாட்சி.

இதில் இன்னொன்று. மதிலுக்குப் பெயின்ட் அடிப்பது பற்றிப் பார்க்க அன்று நாலு மணிக்கு அர்பாப் வருவதாகச் சொல்லியிருந்தார். அந்த மதில் ஓரத்தில்தான் செடி.

பிடுங்கிவிடலாம் என்றேன். எங்கே போடுவது? குப்பைத் தொட்டிக்கு நேரே கேமரா. எரித்தால் புகை வரும். பொடிப்பொடியாக நறுக்கி டாய்லெட்டில் போடலாம் என்றாள் மேகா. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையெல்லாம் பார்க்கிறார்கள் என்ற கவலை நடுவில் வேறு வந்துபோனது. “பிடுங்கினா ஆதாரத்தை அழிச்சதாவும் கேஸ் வரும்” என்றார் இவர். பாரதி அக்காவுக்கு போன் செய்யலாம் என்றால், அந்த வார்த்தையைப் போனில் சொல்லவே பயம்.

அப்போதுதான் இவர் அதைச் சொன்னார்.

“தோட்டம் பாக்கறது செல்வம்தானே? யாராவது கேட்டா அவன் வெச்சதுன்னு சொல்லிடலாம்.”

நான் ‘சீச்சீ’ என்று பாய்ந்தேன் என்று எழுத ஆசைதான். இல்லை, பாயவில்லை. இத்தனை வாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் நியாயம் பேசுகிற இந்த ரேவதிக்கு, அந்த ஒரு நிமிடம், அப்பாடா என்று இருந்தது. அதுதான் உண்மை.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். ஜன்னல் திறந்திருந்தது. வெளியே குழாயடியில் செல்வம், நிரம்பி வழிகிற பக்கெட்டைப் பார்த்தபடி நின்றிருந்தார். குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

பின்கதவு வழியாக வெளியே போனேன். அவரே பேசினார்.

“சார் பேசினது காதுல விழுந்துருச்சுக்கா. சத்தியமா அது அந்தச் செடின்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா தொட்டுருப்பனா?”

“செல்வம், அவர் ஏதோ பயத்துல...”

“பரவால்லக்கா. அப்படியே சொல்லிருங்க. உங்களுக்கு வயசுப் புள்ள இருக்கு. பாப்பா படிப்பு கெட்டுப் போயிரும். நான் இங்க ஒத்த ஆளாக் கெடக்குறவன். என்னையப் பிடிச்சா என்னோட போயிரும்.”

சட்டைப் பையிலிருந்து ஒரு கடை பில்லை எடுத்தார். அதன் பின்பக்கத்தில் ஏற்கெனவே ஒரு நம்பரை எழுதி வைத்திருந்தார்.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்ங்க. என் பொஞ்சாதிக்கு நீங்களே போன் போட்டு, ‘உன் வீட்டுக்காரரு அந்த மாதிரி ஆள் இல்ல’ன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் சொன்னா நம்புவாளோ என்னவோ. நீங்க சொன்னா நம்புவா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. அந்தச் சீட்டை வாங்குவதா வேண்டாமா என்றுகூடத் தெரியாமல் வாங்கிக்கொண்டேன். உள்ளே போய், அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் இவரிடம் சொன்னேன். இவர் அப்படியே டைனிங் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நாலு மணிக்கு வர வேண்டிய அர்பாப் மூன்றரைக்கே வந்தார். கூடவே பெயின்டர், ஒரு நெடிய சூடான்காரர். அர்பாப் வயதானவர், எங்களுடன் இந்தியில்தான் பேசுவார். மதிலைத் தட்டிப் பார்த்தார், விரிசலைப் பார்த்தார், பிறகு செடியைப் பார்த்தார். கைத்தடியால் நாடாவைத் தொட்டார்.

“யே கிஸ்னே லகாயா?”

இதை யார் நட்டது? நாங்கள் பயந்த அதே கேள்வி. செல்வம் ஓரடி முன்னால் வந்தார்.

“ஹம்னே” என்று ஒரு குரல் கேட்டது. நாங்கள்தான். திரும்பிப் பார்த்தேன்... என் வீட்டுக்காரர்! “நானும் என் மனைவியும் நட்டது சார். செல்வத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை” என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லி முடித்தார். மேகா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அர்பாப் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் சூடான்காரர் குனிந்து ஒரு இலையைப் பறித்தார். பறித்தவர் வாயில் போட்டு மென்றார்!

“கர்கதே!” என்றார் முகமெல்லாம் சிரிப்பாக. “அர்பாப், கர்கதே!”

கர்கதே என்றால் சூடான், எகிப்து ஆட்கள் விரும்பிக் குடிக்கும் செக்கச்சிவந்த புளிப்பு பானம். அந்தப் பானம் போடுகிற பூவின் செடிதான் இது என்றார். அவர் எங்களுக்கும் ஆளுக்கொரு இலை பறித்துக் கொடுத்தார். செல்வம்தான் முதலில் மென்றார்.

“அக்கா... புளிக்குதுக்கா!”

நானும் மென்றேன். பல் கூசுகிற புளிப்பு. சாட்சாத் புளிச்சக்கீரை! புளிச்சக்கீரைக் கடைசலுக்கு உயிரை விடும் கோயம்புத்தூர்க்காரர் ஜாம் பாட்டிலில் வேறென்ன இருக்கும்? திருச்சியில் கீரை விற்கும் அம்மா கட்டாகத் தருவதை மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்கு, செடியாக நின்றால் அடையாளம் தெரியவில்லை. ஆப்புக்கும் தெரியவில்லை. ஆப்புக்கு வாய் இல்லை. எனக்கு இருந்ததே? ஒரு இலையைக் கடித்துப் பார்க்க வேண்டும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அர்பாப் ஒரு கை கீரை பறித்துக்கொண்டு போனார். அன்று மாலை இவர் செல்வத்தைக் கூப்பிட்டு, “நான் பேசினது தப்பு செல்வம்” என்றார். செல்வம் சிரித்து, “விடுங்க சார், பயம் எல்லாருக்கும் உள்ளதுதான்” என்று நாடாவை இறுக்கிக் கட்டப் போய்விட்டார். தொக்கு செய்து ஒரு பாட்டில் அவருக்குக் கொடுத்தேன். அதோடு கணக்குத் தீர்ந்ததாக என் மனசு ஒப்பவில்லை.

அந்தச் சீட்டு என் ஹேண்ட்பேகிலேயே இருந்தது. போன வாரம் எடுத்து, அவர் வீட்டுக்கு போன் போட்டேன். கேஸ் இல்லாவிட்டால் என்ன? சொல்வதாகத்தானே அந்தச் சீட்டை வாங்கினேன்.

“நான் ஷார்ஜாவிலேருந்து பேசறேம்மா. செல்வம் வேலை பாக்கற காம்பவுண்டுலதான் இருக்கோம். உங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர். அதைச் சொல்லணும்னுதான் போன் பண்ணேன்.”

அந்தப் பக்கம் பதறிக்கொண்டு ஒரு குரல் வந்தது.

“யக்கா... அவருக்கு என்ன ஆச்சு? மறைக்காமச் சொல்லுங்க. உசுரோட இருக்காருல்ல?”

ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறார் என்று நான் எவ்வளவு சொல்லியும் அந்தப் பெண் நம்பவில்லை. அழுகை நிற்கவில்லை. ஓடிப்போய் செல்வத்தைக் கூட்டிவந்து போனைக் கொடுத்தேன். “ஏய், நல்லாத்தான் இருக்கேன்டி. கீரைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கேன்” என்று அவர் நாலு தடவை சொன்ன பிறகுதான் அழுகை அடங்கியது.

வளைகுடாவில் ஒரு மனுஷன் உயிரோடு, வெளியே, சும்மா இருக்கும்போதே அவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல யாரும் ஊருக்கு போன் செய்ததில்லை போலிருக்கிறது.