மனைவியின் தொழில்: ஒன்றுமில்லை

"டியர் சர் ஆர் மேடம்! ஐ லாஸ்ட் மை பெட்டி இன் யுவர் ஏர்போர்ட்!"

உள்ளறையிலிருந்து வந்த முழக்கத்தில், ஹாலில் உட்கார்ந்திருந்த விசா ஏஜென்ட் தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தார்.

"பயப்படாதீங்க தம்பி, என் பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிறான்," என்றாள் அம்மா பெருமையாக. "இது நாலாவது தடவை."

விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்திருந்த அந்த லிஃப்ட் மெக்கானிக், தொலையாத பெட்டிக்கு மூன்று வருடமாகப் புகார்க் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். ஆங்கிலத் தேர்வில் அப்படித்தான் கேட்பார்களாம். பேசச் சொன்னால் பேசிவிடுவான். எழுதச் சொன்னால்தான் விரல்கள் விறைத்துப் போகும்.

குடியேற வருகிறவனிடம் அந்த நாடு எண்பது பாயிண்ட் கேட்டது. வயது, படிப்பு, அனுபவம், ஆங்கிலம் என்று ஒரு மனிதனைக் கூறு போட்டுக் கூட்டிப் பார்த்தார்கள். இவனைக் கூட்டினால் அறுபத்தைந்துக்கு மேல் ஒன்றுகூடத் தேறவில்லை. குடியிருப்பில் அவனுக்குப் பெயரே 'அறுபத்தஞ்சு' என்று ஆகிவிட்டது. "என்ன அறுபத்தஞ்சு, ஏறுச்சா?" என்று மாடிப்படியில் விசாரிப்பார்கள். ஊரில் நின்றுபோன லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்கியவன், தான் மட்டும் இரண்டு மாடிக்கு நடுவே சிக்கிக் கிடந்தான். இன்னும் பத்தொன்பது நாளில் நாற்பது வயது. அன்றைக்குப் பத்து பாயிண்ட் பறிபோகும். பிறந்தநாளை நினைத்து அழுத ஆண்மகன் அந்தத் தெருவில் அவன் ஒருவன்தான்.

"சாரைக் கூப்பிடுங்கம்மா," என்றார் ஏஜென்ட். "மேடம் ரிசல்ட் வந்திருக்கு."

மேடம் என்றால் அவன் மனைவி. துணைவர் ஆங்கிலத்தில் தேறினால் ஐந்து பாயிண்ட் என்பதற்காக, சும்மா போய் எழுதிவிட்டு வா என்று அனுப்பப்பட்டவள். அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கைப்பையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் இன்னும் வெள்ளை மாவு. பல்செட் செய்யும் லேபில் அவள்தான் தலைமை. பதினொரு வருடம்.

"நாலு பகுதியிலயும் டாப் ஸ்கோர்," என்றார் ஏஜென்ட், அவன் புத்தகத்தோடு ஹாலுக்கு வந்ததும். "மேடமை மெயின் அப்ளிகன்ட்டா போட்டுப் பார்த்தேன். வயசு முப்பத்தி நாலு, தொழில் அவங்க ஆள் தேடுற லிஸ்ட்ல இருக்கு, அனுபவம் இருக்கு. தொண்ணூறு."

அந்தத் தாயின் தலையில் இடி இறங்கியது.

"அப்போ என் பிள்ளை?"

"டிபெண்டன்ட்டா போவார்."

"அப்படின்னா?"

"மேடமைச் சார்ந்திருக்கிறவர்."

"ஐயோ! எட்டு மாடிக்கு ஏறி இறங்குற பிள்ளை, பொண்டாட்டி முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு பிளேன் ஏறணுமா? நான் என்ன பாவம் பண்ணினேன்!" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வாய்க்குள் பளிச்சிட்ட மேல்வரிசைப் பற்கள் பதினான்கும் மருமகள் அளவெடுத்துச் செய்து கொடுத்தவை.

"அதுல ஒரு சிக்கல்," என்று ஏஜென்ட் ஒரு தாளை எடுத்தார். "சார், ரெண்டு வருஷம் முன்னாடி நீங்களே போட்ட அப்ளிகேஷன். மனைவியின் தொழில்னு கேட்டிருக்கான். நீங்க என்ன எழுதியிருக்கீங்க?"

அறுபத்தஞ்சு எட்டிப் பார்த்தான். அவன் கையெழுத்தேதான். 'ஒன்றுமில்லை.'

மனைவி அந்தத் தாளை வாங்கிப் படித்தாள்.

"என்னங்க இது?" என்றாள் மனைவி மெதுவாக.

"அம்மாதான்... நம்ம வீட்டு மருமக வேலைக்குப் போறான்னு வெளியில சொல்ல வேண்டாம்னு..."

"கல்யாணத்துலயே அப்படித்தானே சொல்லி வச்சேன்!" என்றாள் அம்மா. "பக்கத்துல பல் டாக்டருக்கு ஒத்தாசைக்குப் போறான்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கு. கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"கௌரவத்துக்குப் பாயிண்ட் கிடையாதும்மா," என்றார் ஏஜென்ட். "அன்னைக்கு ஒண்ணுமில்லை, இன்னைக்குப் பதினொரு வருஷம்னா, பொய்யுன்னு ஃபைலையே மூடிடுவான். சார் தன் கைப்பட ஒரு விளக்கக் கடிதம் எழுதணும், இங்கிலீஷ்ல. நான் எழுதினது தப்பு, என் மனைவி இத்தனை வருஷமா வேலை பார்க்கிறான்னு. அந்தத் தொழிலுக்கு நாளைக்கு அஞ்சு மணியோட லிஸ்ட் மூடுது. இன்னைக்கு விட்டா ரெண்டு பேருக்கும் இல்லை."

"எழுத மாட்டான்!" என்றாள் அம்மா.

"உங்களையும் அப்புறம் கூப்பிட்டுக்கலாம்மா. ஆனா ஸ்பான்சர் கையெழுத்து மேடம்தான் போடணும்."

அம்மா ஒரு விநாடி மருமகளைப் பார்த்தாள். அடுத்த விநாடி மகனின் முதுகில் தட்டினாள். "என்னடா மரம் மாதிரி நிக்கிற? பேனாவை எடு!"

அவன் பேனாவை எடுத்தான். 'டியர் சர் ஆர் மேடம்' வரை தடையில்லாமல் வந்தது. அதற்குமேல் பழக்கத்தில் 'ஐ லாஸ்ட்' என்று எழுதிவிட்டு உறைந்து போனான். மனைவி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அடிச்சிட்டு எழுதுங்க. நான் சொல்றேன்."

அவள் சொல்லச் சொல்ல, அவன் எழுத்துக் கூட்டி எழுதினான். அவள் எந்த வருடம் சேர்ந்தாள், எப்போது தலைமை ஆனாள், கீழே எத்தனை பேர் என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒன்பது பேர் என்றதும் தலை நிமிர்ந்தான்.

"ஒன்பது பேரா?"

"ஆமா."

"சொல்லவே இல்லையே."

"நீங்க கேட்கவே இல்லையே."

கடிதம் முடிந்தது. ஏஜென்ட் கை நீட்டினார். மனைவி தாளை விடவில்லை.

"இன்னும் ஒரு வரி. காலையில வீட்டுல எல்லாருக்கும் சமைச்சு வச்சுட்டுதான் வேலைக்குப் போனா, வந்தும் சமைச்சான்னு எழுதுங்க."

"மேடம், அதுக்குப் பாயிண்ட் கிடையாது," என்றார் ஏஜென்ட் பதறி.

"தெரியும் சார். இருந்தாலும் எழுதட்டும்."

அம்மா வாயைத் திறந்தாள். பதினான்கு பற்களும் தெரிந்தன. பிறகு மூடிக்கொண்டாள்.

அறுபத்தஞ்சு குனிந்து எழுதினான். மூன்று வருடத்தில் முதல்முறையாக ஒரு முழு ஆங்கில வாக்கியம் யாரும் சொல்லித்தராமல் அவன் கையிலிருந்து இறங்கியது. 'குக்' என்பதில் ஓர் எழுத்து குறைந்தது. அவள் அதைத் திருத்தவில்லை. அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு மட்டும் கையெழுத்துக்குப் பக்கத்தில் விழப் போக, "மேடம், ஒரிஜினல்!" என்று ஏஜென்ட் தாளைப் பறித்துக்கொண்டார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் திரும்பினார். "இனிமே ஏதாவதுன்னா எந்த நம்பருக்குக் கூப்பிடட்டும் சார்?"

அறுபத்தஞ்சு தொண்டையைச் செருமினான்.

"அவ நம்பருக்கே கூப்பிடுங்க. பகல்ல எடுக்க மாட்டா. வேலைக்குப் போயிருப்பா."

எதிர்வீட்டுக்கே கேட்கும்படிதான் சொன்னான். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை சட்டென்று நிமிர்ந்தது. ஏஜென்ட் படியிறங்கிப் போனார்.

அம்மா ஓடிவந்து கதவைச் சாத்தினாள்.