கிரகணத்துக்கு நிறுத்திய கெமரா

கல்முனைப் பக்கம் கலியாண வீடுகளில் பெண்கள் பகுதியில் படம் எடுப்பவள் நான். கையில் ஒரேயொரு கெமரா. கிரகணத்துக்கு மறுநாள் ஒரு கலியாணம் இருந்தது. அப்படியிருக்க, காலையில் வரும் சூரிய கிரகணத்தையும் எடுத்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்ற என்னைத்தான் ஏச வேண்டும்.

சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிவது வடக்கே உள்ளவர்களுக்குத்தானாம், எங்களுக்குப் பிறை மட்டும். அது போதாதா? நோன்புக்கும் பெருநாளுக்கும் கடற்கரையில் பிறை தேடுகிற ஊர் இது. பகலில் வருகிற பிறையை விடுவேனா!

பயமெல்லாம் பில்டர் தாளைப் பற்றித்தான். வெறும் லென்சைச் சூரியனுக்குக் காட்டினால் கெமராவின் உள்பக்கம் பொசுங்கிப்போகும். கொழும்பிலிருந்து எடுப்பித்த தாளைப் பால்மாப் பெட்டி மட்டையில் வளையமாக ஒட்டி லென்சின் வாயில் மாட்டினேன். டேப் சுற்றினேன். கடல்காற்றுக்கு நிற்குமா? இன்னும் சுற்றினேன்.

“கெமராவுக்குக் காயமா? கட்டுப் போடுறா?” என்றார் கணவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கிரகணத் தொழுகை அறிவித்திருந்தார்கள், பெண்களுக்கு மத்ரசா மண்டபத்தில். தொழாமல் படம் எடுக்க மனம் வரவில்லை. படத்தை விட்டுவிட்டுத் தொழவும் மனம் வரவில்லை. கெமராவைத் தானாக எடுக்க வைத்துவிட்டுப் போகலாம், ஆனால் காவலுக்கு யார்? அடுத்த வளவிலிருந்து என் கூடப்பிறந்த மூத்த ராத்தா வந்தாள்.

“எனக்கு இப்ப தொழுகை இல்லாத நாள். நீ போ புள்ள, நான் இரிக்கன்.”

“டேப்ப மட்டும் பாரு. சூரியனப் பாத்திராத, கண் போயிரும்” என்று படித்துப் படித்துச் சொன்னேன். மொட்டை மாடியில், மேலே சாய்ந்திருந்த முருங்கையின் நிழலுக்கு வெளியே, முக்காலி ட்ரைபொட்டில் கெமராவை நிறுத்திவிட்டுப் போனேன்.

தக்பீர் கட்டித் தொழத் தொடங்கியதிலிருந்து மனம் மாடியில்தான். காற்றில் ஜன்னல் ஆடினாலும் டேப் கழன்றுவிட்டதோ என்று தோன்றியது. ராத்தா தூங்கியிருப்பாளோ? கிரகணத் தொழுகையில் ஒருமுறை குனிந்து நிமிர்ந்து, மறுபடி ஓதி, மறுபடி குனிந்த பிறகுதான் சுஜூது. முதல்முறை நிமிர்ந்ததும் எல்லாரும் நிற்க, நான் மட்டும் பழக்கத்தில் தொப்பென்று தரையில் நெற்றியை வைத்துவிட்டேன். பக்கத்தவளின் பாதங்கள் அசையாமல் நின்றதைக் கண்டுதான் விளங்கியது. யா அல்லாஹ், என்ன வெட்கம்! எழுந்து நின்றபோது அழுகை வந்தது.

ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் பிரசங்கத்துக்கு இருக்காமல் ஓடினேன். வெயில் இன்னும் மங்கலாகத்தான் கிடந்தது. மாடியில் ட்ரைபொட் மட்டும் நின்றது. பில்டர் வளையம் ஒரு மூலையில் கிடந்தது. போச்சு, எல்லாம் போச்சு!

ராத்தா மாடியிலேயே முருங்கை நிழலில் சூரியனுக்கு முதுகைக் காட்டி, மடியில் எதையோ அணைத்துக் குனிந்திருந்தாள்.

“காத்து தாளப் பிடுங்கிட்டு புள்ள. லென்சக் கையால பொத்திட்டு, மறுகா கெமராவக் கழட்டி எடுத்தன். நாளைக்கு நீ எதால கலியாணம் எடுப்பா?”

கெமராவை வாங்கித் தரையை ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். கீறலில்லை, பொட்டில்லை. அவளுக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்தேன். அப்போதுதான் கண்டேன். முருங்கை இலை இடுக்குகளால் விழுந்த வெளிச்சப் புள்ளிகளெல்லாம் அவள் முதுகில் குட்டிக் குட்டிப் பிறைச் சூரியன்களாகக் கிடந்தன.

“ராத்தா, அசையாத!”

எடுத்துக்கொண்டே கேட்டேன், “நீ ஒருக்காவும் பாக்கலியா?”

“நீதானே பாக்க வேணாம் எண்டா.” இன்னும் தலையை நிமிர்த்தவில்லை. “எப்பிடி இரிந்திச்சி?”

படத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“இது என்ட முதுகு. சூரியன் எங்க புள்ள?”

“அதுலதான் ராத்தா” என்றேன்.