மிஞ்சிப்போன கஞ்சி

அன்றைக்குக் கஞ்சித்தொட்டியில் இருந்தது நாலே பேர். நான், சமையலுக்கு நின்ற கட்டிங் மாஸ்டர், வெங்காயம் உரிக்க மங்கலத்திலிருந்து வரும் அக்கா, கடனுக்கு அரிசி மூட்டை கொண்டுவந்த மளிகைக்கடை பாய். மற்றவர்கள் எல்லாம் வெளியே வரிசையில்.

பனியன் கம்பெனிகளில் ஸ்டிரைக் தொடங்கி மூன்றாவது மாசம். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, தைத்த பனியனில் பிசிர் நூல் வெட்டப் போனவள் நான். ஒரு பீஸை நாலு தரம் திருப்பிப் பார்ப்பேன், சூப்பர்வைசர் கத்துவான். கம்பெனியில் என் பயத்துக்குப் பேர் கிறுக்கு. இங்கேயோ அந்தப் பயம்தான் வேலை. அரிசி போதுமா, அடிப்பிடிக்குமா, கடைசி ஆளுக்கு வருமா என்று யாராவது பயந்துகொண்டே இருக்கவேண்டியிருந்தது. அண்டா தேய்த்துத் தேய்த்துக் கை வெடித்தது. ஆனால் ராத்திரி தூக்கம் வந்தது. அதற்கு முன்னால் அப்படித் தூங்கினதில்லை.

வாங்க வருகிறவர்கள் ஷிப்டு நேரத்தில், வேறெங்கோ கூலி வேலைக்குப் போகிற மாதிரி மூடி போட்ட தூக்குப்போசியோடு வருவார்கள். பக்கத்து ஊட்டுக்குத் தெரியக்கூடாது. நான் முகத்தைப் பார்க்கமாட்டேன். போசியைப் பார்த்து ஊற்றுவேன்.

அன்று கஞ்சி கொதிக்கையில், பேச்சுவார்த்தை முடிந்ததென்று சேதி வந்தது. வரிசை அப்படியே கலைந்து கம்பெனிப் பக்கம் ஓடியது. அண்டா நிறையக் கஞ்சி.

"போதாது போதாதுன்னு அழுவியே கண்ணு, இப்ப மிஞ்சிருச்சேன்னு அழு" என்றார் மாஸ்டர். அக்கா சிரித்தாள். பாய் சிரிக்கவில்லை.

"ஊத்துனவங்க இங்க இருக்கறீங்க. குடிச்சவங்க எங்கீங்க?"

"சம்பளம் வந்ததும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அரிசிக் கடனைக் குடுத்துருவாங்க பாய்" என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

சனிக்கிழமை சம்பளம். நானும் அக்காவும் கம்பெனி கேட்டில் துண்டு விரித்து நின்றோம்.

"எந்தக் கஞ்சிங்க? நாங்க அந்தப் பக்கமே வந்ததில்லீங்களே" என்றாள் ஒருத்தி. கையில் பச்சைக் கயிறு சுற்றிய தூக்குப்போசி, மூடியில் நசுங்கல். எத்தனை நாள் பிடித்து ஊற்றியிருக்கிறேன்! சங்கத்தில் போய்க் கேட்டால், வெற்றிக் கூட்டத்து மைக் செட் வாடகையே பாக்கி நிற்கிறதாம்.

பாயின் அரிசிக் கடனை நாங்கள் மூன்று பேரும் வாராவாரம் கட்டினோம். மாஸ்டர் வேலை தேடி வெளியூர் போனார். அக்கா நோவில் விழுந்தாள். கடைசியில் நான் மட்டும். பாய் கடையை மூடிவிட்டு மடத்துக்குளம் பக்கம் போனபோதும் என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம்.

மறுபடி ஸ்டிரைக் வந்தால் அண்டா கழுவப் போவேன். அதுதான் எனக்கு எரிச்சல்.

பாய்க்கு இன்னும் தரவேண்டியது முன்னூற்று நாற்பது ரூபாய்.