நுரையீரலுக்குச் சித்திரை தெரியாது

எனக்குப் பிரசவ தேதி சித்திரை நடுவில் விழுகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாருக்கும் காலண்டர் பார்க்கும் வியாதி வந்துவிட்டது. சித்திரையில் தலைச்சன் ஆணாகப் பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாதாம். அப்பனுக்கு ஆகாது என்று ஒரு உறவுக்காரர் போனில் சொன்னார். தாத்தாவுக்கும் ஆகாது என்று இன்னொருவர் வீடு தேடி வந்து காப்பி குடித்துவிட்டுச் சொன்னார். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளச் சட்டமும் விடாது. இருக்கிறானா என்றே தெரியாத ஒரு பையனுக்கு இத்தனை பேர் பயந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வழி கண்டுபிடித்தது என் மாமியார்தான். “பங்குனி முடியறதுக்குள்ள ஆப்ரேசன் பண்ணி எடுத்துப்போடலாங் கண்ணு. இப்பெல்லாம் நேரம் பாத்துத்தான எல்லாரும் எடுக்கறாங்க” என்றார். தோட்டத்தில் வாழைத்தார் வெட்ட ஆள் சொல்வதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். கெட்ட மனுஷி இல்லை. எனக்கு வாந்தி நிற்காத மாதங்களில் ராகிக்கூழ் கரைத்துக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து குடிக்கவைத்தவர். அதனால்தான் அவரிடம் சண்டை போடுவது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். எதைக் கேட்டாலும் “பார்த்துக்கலாம்” என்பார். இதற்கும் அதையே சொன்னார். யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது என்று கேட்டால் செல்போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் நானே கேட்டேன். மூன்று வாரம் முன்னாலேயே எடுத்தால் என்ன ஆகும்? அவருக்கு முகம் சுருங்கியது. “பங்குனி வந்தா இந்தக் கேள்வியும் வந்துரும்” என்று அலுத்துக்கொண்டு, மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த ஒரு அட்டையின் பின்பக்கம் படம் போட்டார்.

வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கு மூச்சு வேலை கிடையாது. வேண்டிய ஆக்சிஜன் எல்லாம் தொப்புள்கொடி வழியாகத் தாயிடமிருந்தே வந்துவிடுகிறது. நுரையீரல் பூராவும் நீர். அதற்குள் இருக்கும் ரத்தக்குழாய்கள் இறுகிப்போய்க் கிடக்கும். ஆகவே இதயத்திலிருந்து நுரையீரலை நோக்கிக் கிளம்பும் ரத்தத்தில் கொஞ்சம்தான் உள்ளே போகும். மிச்சமெல்லாம் ஒரு குறுக்குக்குழாய் வழியாக உடம்பு பக்கம் திரும்பிவிடும். இதயத்தின் மேல் அறைகளுக்கு நடுவிலும் ஒரு சின்னத் திறப்பு உண்டு, அதுவும் இதே மாதிரி ஒரு சுற்றுவழி. ஆனால் அந்த மாதங்களில் நுரையீரல் சும்மா இருப்பதில்லை. மூச்சுக்குழாய் கிளைவிடக் கிளைவிட ரத்தக்குழாயும் கூடவே கிளைவிட்டுப் போகிறது. மயிரை விட மெல்லிய குழாய்கள் காற்றறைகளைச் சுற்றிக் கடைசி வாரங்கள் வரைக்கும் பெருகிக்கொண்டே இருக்கின்றன. பிறந்து முதல் மூச்சு இழுக்கும்போது நீர் விலகி, இறுகிய குழாய்கள் விரிந்து, ரத்தம் மொத்தமாக நுரையீரலுக்குள் பாயும். அதற்குப் பிறகுதான் குறுக்குவழிகள் மூடும்.

“வலி வர்றதுகூட அந்த நீர் வத்தறதுக்கு ஒரு உதவி. வலியும் வராம, நாளும் ஆகாம எடுத்தா, எல்லாக் குழந்தையும் கஷ்டப்படும்னு சொல்லலை. சில குழந்தைக்குக் குழாய் விரியாது. இழுத்து இழுத்து மூச்சு விடும். ஐ.சி.யூ.வுல வெச்சுக்கிட்டு நாம வெளியே நிக்கணும். அவசியம் இருந்தா நானே எடுப்பேன். காலண்டருக்காக எடுக்கமாட்டேன்” என்றார்.

அந்த அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்காரரின் ஊரான அன்னூருக்குப் போய், மாமனார் மாமியார் இருவரையும் உட்காரவைத்து ஒன்று விடாமல் சொன்னேன். மாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்தம்மா மாட்டேன்னா வேற ஆஸ்பத்திரி இல்லீங்களா?” என்றார். எனக்குத் தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மாமனார் மட்டும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு வாழைத்தோட்டம், முழுக்கச் சொட்டுநீர். “இது பைபாஸ் வால்வு மாதிரீங்களா அம்மணி?” என்று குறுக்குக்குழாயைத் தொட்டுக் கேட்டார். சொட்டுநீர்க் குழாய்களில் தண்ணீர் முட்டாமல் இருக்க, மோட்டாரிலிருந்து வருவதில் பாதியைக் கிணற்றுக்கே திருப்பிவிடும் வால்வு அது. ஆமாங்க மாமா, அதேதான் என்றேன். தோட்டக்காட்டுக்குள் சின்னக்குழாய் எல்லாம் இன்னும் போட்டு முடியவில்லை, அதற்குள் வால்வைச் சாத்தி முழுத் தண்ணீரையும் காட்டுக்குள் விடச் சொல்கிறீர்கள் என்றேன். தலையை ஆட்டினார். புரிந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

“புரியுதுங் கண்ணு. ஆனா சித்திரையாச்சே” என்றார்.

கடைசியில் குலதெய்வத்திடம் பூ கேட்பது என்று முடிவானது. இந்தப் பக்கம் கல்யாணமோ கிணறோ, மனசு ரெண்டாக இருந்தால் பூ கேட்காமல் நகரமாட்டார்கள். வெள்ளைப்பூ ஒன்றையும் செம்பூ ஒன்றையும் ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் வைத்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் செய்யாதே. என் குழந்தை மூச்சுவிடுமா விடாதா என்பதை ரெண்டு பூ தீர்மானிக்கப்போகிறது என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. போகமாட்டேன் என்றேன். பெரிய வயிற்றோடு நீ வந்து நின்றால்தான் ஆத்தா மனசு இரங்குவாள் என்று காரில் ஏற்றிவிட்டார்கள்.

“பங்குனியிலயே எடுத்துப்போடலாமா ஆத்தா, நீயே சொல்லு” என்று மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு சிவப்பு, சிவப்பு, சிவப்பு என்று வேண்டினேன். வெட்கமாக இருந்தாலும் வேண்டினேன். பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை.

மாமியார் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் பூசாரியின் தட்டைப் பார்த்தார். காரில் ஏறியதும் நான் கத்திவிட்டேன். ஆத்தா ஸ்கேன் பார்த்தாளா, ஆத்தாவா ஐ.சி.யூ. வாசலில் நிற்பாள், என்னைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு என்றெல்லாம் கத்தினேன். சாமியைத் திட்டாதே என்று மாமியார் அழ ஆரம்பித்தார். “பார்த்துக்கலாம்” என்றார் வீட்டுக்காரர். அந்த நிமிஷம் அவரைக் கொன்றிருப்பேன்.

தோட்டத்துக்குப் பக்கத்தில் வண்டி வந்ததும் மாமனார் நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போகாமல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாழையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“மேக்கால காட்டுல முன்னே சொட்டுநீர் போட்டப்ப, குழாய் பூரா மாட்டறதுக்கு முன்னாடி நல்ல நாள்னு நெனச்சு மோட்டாரைப் போட்டுப்போட்டேன். ஜாயிண்டெல்லாம் புடுங்கித் தண்ணி கன்னையெல்லாம் அடிச்சுட்டுப் போச்சு. அது வாழை. மறுக்கா நட்டுக்கிட்டோம்” என்றார். பிறகு மாமியார் பக்கம் திரும்பி, “இதை மறுக்கா நட முடியாதுங்க” என்றார்.

“வெள்ளைப்பூ வந்துபோச்சேங்க” என்றார் மாமியார்.

“வந்துச்சு. ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன். எனக்கு ஆகாதுன்னா ஆகாமப் போகட்டும். குழாய் போட்டு முடியட்டும்.”

அவர் அப்பா காலத்திலிருந்து பூ சொன்னதை மீறாத வீடு அது. அதுவரை கத்திய கத்தலுக்கு எனக்குத் தொண்டை எரிந்தது.

சித்திரை பிறந்தது. வீட்டில் ஒருவரும் காலண்டரைக் கிழிக்கவில்லை. நானே கிழித்தேன். பத்து நாள் போல ஆனதும் வலி வந்தது, தானாகவே. பிரசவ அறையில் என்னை விட்டு வெளியே வந்தவுடன் குழந்தை அழவில்லை. ஊதா நிறமாக, ஈரமாக, சும்மா கிடந்தது. யாரோ முதுகைத் தேய்த்தார்கள். அட்டையில் இருந்த படம் அப்படியே என் கண்முன்னால் நின்றது. திற, திற, திற என்று எந்தச் சாமியையும் கூப்பிடாமல் அந்தக் குழாய்களையே கெஞ்சினேன். பிறகு ஒரு இருமல், அதன் பின்னால் ஒரு கத்தல். ஊதா மறைந்து நெஞ்சிலிருந்து சிவப்பு ஏறியதை நான் படுத்தபடியே பார்த்தேன். பெண்.

என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது, துணியில் சுற்றிய குழந்தையோடு நர்ஸ் முன்னால் போனாள். மாமியார் பிறந்த நேரம் கேட்டார். பெண் என்றதும், “பொட்டப்புள்ளைக்குச் சித்திரை ஒண்ணும் பண்ணாதுன்னு நாந்தான் அப்பவே சொன்னேனே” என்றார். சத்தியமாக அப்படி ஒரு வார்த்தை அவர் சொன்னதே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன். வீட்டுக்காரர் அழுதுகொண்டிருந்தார்.

மாமனார் குழந்தையைப் பார்த்தார். நேரமும் கேட்கவில்லை, என்ன குழந்தை என்றும் கேட்கவில்லை.

“தண்ணி பாஞ்சிருச்சுங்களா?” என்று நர்ஸிடம் கேட்டார்.

அவள் ஒன்றும் புரியாமல் விழித்தாள். நான்தான் தலையைத் தூக்கிச் சொன்னேன்.

“பாஞ்சிருச்சுங்க மாமா. கடைமடை வரைக்கும்.”