நூற்றெண்பது அடி ஆழத்துத் தண்ணீர்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஊர் அடிபம்புக்குத் தோல் வாஷர் மாற்றியது. 1979 ஜூன், ஒரு சனிக்கிழமை. நான் குழாயைத் தூக்கிப் பிடித்தேன். அப்பா ஸ்பேனர் போட்டார். குனிய முடியாது, நின்றபடியே கையை நீட்டினார். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பம்பைப் பார்த்துக்கொண்டவர். சம்பளம் கிடையாது.

அவர் பெயர் சென்றாயன். கடத்தூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் மேட்டுநிலம். 1964இல் அம்மா வாந்திபேதியில் இறந்தார். கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்றார்கள். மூன்று வருஷம் கழித்து, பாறையைத் துளைக்கும் புது இயந்திரம் எங்கள் பக்கம் வந்தது. அப்பா ஒன்றிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்து அதை ஊருக்குக் கொண்டுவந்தார். வீட்டுக்கு எதிரே தன் நிலத்திலேயே இடம் கொடுத்தார். நூற்றெண்பது அடியில் தண்ணீர் வந்தது, அடிபம்பு வைத்தார்கள். பழைய கிணற்றை மூடவும் வைத்தார். அதன்பின் வாந்திபேதியில் யாரும் சாகவில்லை. போர் தண்ணீருக்கு அரசு கொடுத்த சோதனை அறிக்கையில் கிருமி இல்லை என்று இருந்தது. உண்மைதான். கிருமியை மட்டும்தான் தேடியிருந்தார்கள்.

வருஷம் போகப்போக ஊர்ப் பிள்ளைகளின் பற்கள் பழுப்பேறின. அப்பாவுக்கு முதுகு இறுகியது, பிறகு கழுத்து. வாதம் என்றார் வைத்தியர். நான் அப்போது சேலத்தில் ஒரு தண்ணீர்ச் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன்.

"ஊரான் தண்ணியெல்லாம் பாக்கற. நம்புளுத ஒரு பாட்டிலு பாக்கமாட்டியாடா?"

இரண்டு முறை கேட்டார்.

"போர் தண்ணிக்கு என்னப்பா கேடு?" என்று சிரித்தேன்.

வாஷர் மாற்றிய அன்றுதான் ஒரு பாட்டில் எடுத்துப் போனேன். சிவப்பாக நிற்க வேண்டிய கரைசல் மஞ்சளாக வெளுத்தது. லிட்டருக்கு ஆறு மில்லிகிராம் ஃப்ளோரைடு. ஒன்றரைக்கு மேல் ஆகாது.

அடுத்த சனிக்கிழமை வந்து சொன்னேன்.

"பாறையில இருந்து கரையுதுப்பா. எலும்புல போய்ச் சேருது."

"காய்ச்சிக் குடிச்சா?"

"இன்னும் ஏறும்."

"அப்ப எம் முதுவு?"

"அதனாலதான்."

அப்பா பம்பைப் பார்த்தார். "நீ வாயத் தொறக்காத. கொண்டாந்தவன் நானு. நாளைக்கிக் காத்தால எல்லாரும் தண்ணிக்கி வருவாங்க. நானே சொல்றேன்."

அன்று சாயங்காலம் கடத்தூர் சாலையில் மாட்டை ஓட்டி வந்தார். பின்னால் லாரி. ஹாரன் அடித்தேன், திரும்பிப் பார்க்கவில்லை என்றார் டிரைவர். அவரால் கழுத்தைத் திருப்ப முடியாது.

காரியம் முடிந்ததும் பம்படியில் நான் சொன்னேன். பக்கத்து வீட்டு முனியம்மாள் பம்புக்கடியில் வைத்த குடத்தை எடுக்கவில்லை.

"படிச்சத இங்க வந்து ஒப்பிக்காத சாமி. இத மூடிட்டு எதைக் குடிக்கிறது? கெட்ட தண்ணியா இருந்தா உங்கப்பாரு சொல்லாமயா போயிருப்பாரு?"

"சொல்றதாத்தான் இருந்தாரு."

"ஆமா, செத்தவர சாட்சிக்குக் கூப்புடு!"

சிலர் சிரித்தார்கள். அடுத்த குடம் வந்தது.

அப்பா சொல்லியிருந்தால் பம்பின் கைப்பிடியை அன்றே கழற்றியிருப்பார்கள். எங்கள் வாசலிலிருந்து பம்புக்கு நாற்பது அடி. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அங்கே போயிருந்தால் போதும்.