இடதுகையாய் விழுந்த காசு

ரோமின் நாணயச்சாலையில் அச்சு வெட்டுபவன் டியோகஸ். சிறுவயதில் ஸ்மிர்னாவிலிருந்து விலைக்கு வந்தவன். இருபது வருடம் அடிமையாக இருந்து தெய்வங்களையும் சிறகுகளையும் செதுக்கிய பிறகுதான் விடுதலை கிடைத்தது. அவனோடு ஒரே சட்டியில் கொண்டைக்கடலை தின்ற கார்ப்பஸுக்குக் கிடைக்கவில்லை. இன்னும் யாரை விடுவிக்கலாம் என்று மேலாளர் யோசனை கேட்டபோது டியோகஸ் நண்பனுக்காக வாய் திறக்கவில்லை; தன் விடுதலையும் கெட்டுவிடுமோ என்ற பயம். அன்றிலிருந்து மூன்று வருடமாக, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தும் கார்ப்பஸ் அவனோடு பேசுவதில்லை.

அந்த ஆண்டு அரியணையில் ஆள் நிலைக்கவில்லை. புதிதாக வந்த பேரரசர், படைகளெல்லாம் தன் பக்கம் என்று ஊர் நம்ப வேண்டி, பொற்காசின் பின்பக்கம் கோத்த இரண்டு வலதுகைகளைக் கேட்டார். டியோகஸ் வெட்டினான். மெழுகில் ஒற்றிப் பார்த்தான். இரண்டும் இடதுகைகள். அச்சில் எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றி வெட்ட வேண்டும். பின்னிக் கிடந்த விரல்கள் அவனை ஏமாற்றிவிட்டன.

கார்ப்பஸ் எட்டிப் பார்த்தான்.

"இடதுகை குடுத்து எவன்டா சத்தியம் பண்ணுவான்? உன்னையும் சேத்து உருக்கிருவாங்க."

கார்ப்பஸ் மெழுகுப் பலகையை எடுத்துக்கொண்டு வந்து வலதுகையை நீட்டினான். அவன் இடக்கையால் வரைபவன்.

"பிடி."

கோத்த கைகளைப் பார்த்துப் பார்த்து அவன் வரைந்தான். டியோகஸ் சொன்னான்: "அன்னிக்கு உனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

"தெரியும். கையை ஆட்டாதே, கட்டைவிரல் கோணுது."

அந்தப் படத்தை டியோகஸ் இடம் வலம் மாற்றிப் புது அச்சில் வெட்டினான். காசு நன்றாக வந்தது. குளிர்காலத்துக்குள் அந்தப் பேரரசரும் போனார். அடுத்தவர் முன்பக்கத்து முகத்தை மட்டும் மாற்றச் சொன்னார். கைகள் அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார். மேலாளர் வந்து டியோகஸைப் பாராட்டினார். வரைந்தது கார்ப்பஸ் என்று டியோகஸ் எல்லோர் முன்னாலும் சொன்னான். அவனுக்கும் விடுதலை தர வேண்டும் என்று கேட்டான். மேலாளர் சிரித்துவிட்டுப் போனார். டியோகஸ் விடவில்லை. ஒவ்வொரு மாதமும் போய் நின்றான். இரண்டாம் வருடம், இவன் தொல்லை தாங்காமலே கார்ப்பஸின் விடுதலையை எழுதிக் கொடுத்தார்கள்.

மறுநாள் கார்ப்பஸ் வந்து டியோகஸின் சட்டியை இழுத்து வைத்துக்கொண்டு, உப்பு குறைவு என்றான்.