நடுவிலிருந்து வெட்டிய புல்

2009 ஜூன் மாதம். சுவிட்சர்லாந்தில் பீல் நகரைத் தாண்டி, கன்டோன் எனப்படும் மாநில அரசுக்குச் சொந்தமான ஒரு புல்வெளி. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் முட்செடி வேலி. பறவைகளுக்காக விடப்பட்ட நிலம் அது. ஃபசான் என்ற நீண்ட வால் காட்டுக்கோழி அங்கே தரையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். அதனால் அக்கம்பக்கத்து விவசாயிகள் எல்லோரும் வெட்டி முடித்த பிறகுதான், அந்த நிலத்தைப் பராமரிக்கும் எங்கள் குழு அங்கே புல் வெட்டப் போகும். வேலியோரத்து நீண்ட பட்டையை வெட்டவே மாட்டோம்.

குழுவில் மூன்று பேர். டிராக்டர் ஓட்டிய சுவிஸ் பெண்தான் பொறுப்பாளர். மற்றவர், பீலில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை இழந்து வந்த யாழ்ப்பாணத்து அண்ணை. நான் ஊரில் பத்திரிகையில் வேலை செய்தவன் என்பதால் அவர் என்னை ‘நிருபர்’ என்றே கூப்பிடுவார். எனக்கு அது முதல் வருடம்.

என் மனம் புல்லில் இருக்கவில்லை. இலங்கையின் வடக்கே வன்னியில், சனத்தைக் கடற்கரையோரத்து ஒரு சிறு துண்டுக்குள் ஒதுக்கி, முந்தைய மாதம்தான் போர் முடிந்திருந்தது. என் அக்காவும் அவளுடைய பிள்ளைகளும் அங்கேதான் இருந்தார்கள். தை மாதத்தில் ஒருநாள் தொலைபேசியில் கதைத்தவள், “நாளைக்கு எடுக்கிறன்” என்று சொல்லி வைத்தாள். பிறகு எடுக்கவில்லை. காற்சட்டைப் பையில் கைத்தொலைபேசி அதிராமலே அதிர்வதுபோல இருக்கும். எடுத்துப் பார்ப்பேன், திரும்ப வைப்பேன்.

வழக்கமாக வயலை ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வெட்டிக்கொண்டு போவார்கள். அன்று பொறுப்பாளர் டிராக்டரை நேரே நடுவுக்கு ஓட்டினார். நல்ல புல் டிராக்டர்ச் சில்லுகளுக்கு அடியில் நசிந்தது. ஏன் இப்படி என்று கேட்டேன். இறங்கி நின்று விளக்கினார். ஓரத்திலிருந்து வெட்டினால் கோழி இன்னும் நிற்கிற புல்லுக்குள் ஒதுங்கும். புல் குறையக் குறைய அதுவும் உள்ளே உள்ளே போகும். வெட்டிய வெளியைக் கடந்து ஓட அதற்குத் துணிவு வராது. கடைசியில் நடுவே மிஞ்சிய துண்டில் தாயும் குஞ்சுகளும் ஒன்றாக நிற்கும். அதையும் வெட்டுவார்கள். நடுவிலிருந்து தொடங்கினால், புல்லின் மறைவிலேயே நடந்து வேலிக்குப் போய்விடும்.

அவர் கோழியைப் பற்றித்தான் சொன்னார். வன்னியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. என் கை காற்சட்டைப் பைக்குள் போனது. அண்ணை என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

“குடியும் நிருபர். வெயில்.”

வானம் மூடியிருந்தது. வாங்கிக் குடித்தேன்.

பிறகு நானும் அவரும் தடியால் புல்லை விலக்கிக்கொண்டு டிராக்டருக்கு முன்னால் நடந்தோம். வெட்டும் கத்திக்குச் சற்று முன்னே ஏதோ அசைந்தது. மண்ணிறம், நீண்ட வால், தலையைத் தாழ்த்திய நடை. என் கைகள் இரண்டும் தாமாக மேலே போயின.

“செண்பகம்!” என்று கத்தினேன்.

ஊரில் வேலியோரம் நடந்து திரியும் பறவையின் பெயர் அது. எனக்கு வேறு பெயர் வரவில்லை. இயந்திரச் சத்தத்தில் குரல் கேட்டிருக்காது. கைகளைக் கண்டு பொறுப்பாளர் டிராக்டரை நிறுத்தினார்.

அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். “செண்பகமோ! அது என்னெண்டு, ஐசே, விசா எடுத்து இஞ்ச வந்தது?”

புல்லுக்குள்ளிருந்து குஞ்சுகள் வந்தன. தாய் முன்னே நடந்தது. வேலியோரப் பட்டையை அடைந்ததும் அது உள்ளே போகவில்லை. திரும்பி நின்றது. பிந்திய ஒரு குஞ்சு தடுக்கி விழுந்து எழும்பி வந்து சேர்ந்த பிறகுதான் மறைந்தது.

அண்ணை சிரிப்பை நிறுத்தியிருந்தார். “வலமாத்தான் போச்சுது. உம்மட அக்கா கட்டாயம் எடுப்பா, பாரும்.”

செண்பகம் வலமாகப் போனால் நல்ல சகுனம் என்பார்கள். “அண்ணை, அது செண்பகமே இல்லையே” என்றேன்.

“சகுனத்துக்கு அது தெரியுமோ?”

செய்தி எழுதிப் பழகியவன் நான், சகுனம் பார்ப்பதில்லை. ஆனாலும் அது எந்தப் பக்கம் போனது என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன்.

நான் கத்திய சொல் என்னவென்று பொறுப்பாளர் பிறகு என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன்பின் புல்லில் ஏதாவது அசைந்தால் அவரும் கையை உயர்த்தி “ஷென்பகம்!” என்பார். எங்கள் குழுவில் ‘நிறுத்து’ என்பதற்கு அதுவே சொல்லாகிவிட்டது. பிறகு சேர்ந்த ஒரு சுவிஸ்காரர், தமிழில் ‘நிறுத்து’ என்பதற்கு அதுதான் சொல் என்று நெடுநாள் நம்பியிருந்தார்.

அக்கா எடுக்கவில்லை. போர் முடிந்தபின் சனத்தை அடைத்து வைத்த முகாம்களிலிருந்து வெளியே வந்த சிலர் அவளைக் கண்டதாகச் சொன்னார்கள். ஒருவர் சொன்ன இடம் மற்றவர் சொன்ன இடத்தோடு பொருந்தவில்லை. அவளுக்குத் தெரிந்த என் தொலைபேசி இலக்கத்தை நான் இன்றுவரை மாற்றவில்லை.

இப்போதும் புல் வெட்டும் காலத்தில் நடுவிலிருந்து தொடங்கி வேலியோரப் பட்டை வரை வந்ததும், உள்ளே போக வேண்டியவை போகட்டும் என்று இயந்திரத்தை நிறுத்திச் சற்று நேரம் நிற்போம். அந்த நேரத்தில், அன்றைய தாய்க்கோழியைப் போல, இன்னும் வந்து சேராத ஒருத்திக்காக நானும் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்பதாகவே தோன்றும்.